சாமி மாத்திரை

ஈப்போவில் கல்யாணம் காட்சி என்று வந்து மாட்டிக்கொண்டால் சொந்தக்காரர்கள் என்னைக் கேட்கும் முதல் கேள்வி, "அங்க வெளிநாட்டுல என்னாதான் வேலை பாக்குற?" என்பதுதான். சுகாதாரத் துறை என்றால் டாக்டரா என்பார்கள். இல்லை என்றால் மிஸியா என்பார்கள். எங்கள் ஊரில் நர்ஸுக்குப் பேர் மிஸி. அதுவும் இல்லை என்றதும் முகம் தொங்கிவிடும். ஒரு தடவை, போனால் போகிறது என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். நேப்பாளம், கென்யா என்று எங்கெங்கோ போய், எப்போது பிள்ளை பெறலாம், எப்போது வேண்டாம் என்பதைப் பெண்கள் தாங்களே முடிவு செய்ய வழி பண்ணிக் கொடுக்கிற வேலை. மாத்திரை, ஊசி, ஆலோசனை எல்லாம் அதில் அடக்கம். பந்தியில் பக்கத்தில் இருந்த பெரியம்மா ரசத்தை அப்படியே வைத்துவிட்டு, "ஐயோ கடவுளே, கல்யாணமாகாத புள்ளைங்க உக்காந்திருக்கு, மெதுவாப் பேசுலா" என்றார். கை கழுவும் இடத்தில் அதே பெரியம்மா என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "மருமகளுக்கு ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தவர் லேசில் விடவில்லை.

வேலைக்கான நேர்காணலிலும் இந்தத் துறையில் முன் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். படிப்பு, பயிற்சி என்று முறையாகத்தான் பதில் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் வெளியே அனுப்பியிருப்பார்கள். இந்தத் துறையில் நான் சேர்ந்தது தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது.

அப்போது நாங்கள் பத்து காஜா பக்கம் ஒரு தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பில், லயத்து வீட்டில் இருந்தோம். ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த நேரம். அப்பா லோரி ஓட்டினார். அம்மா ரப்பர் பால் வெட்டினார். ஆனால் வெட்டுவதற்கு மரமே குறைந்துகொண்டு வந்தது. ஈப்போவில் ஒரு பேக்டரிக்குப் பெண்களை எடுக்கிறார்கள், மெயின் ரோட்டு வரைக்கும் பஸ் வரும் என்று பேச்சு அடிபட்டது. அம்மாவுக்கு அந்தப் பஸ்மேல் ஒரு கண். வீட்டில் யாரும் இல்லாதபோது, கையுறை போட்டதுபோல் விரல்களை விரித்து, எதையோ எடுத்து எதிலோ பொருத்துவதுபோல் செய்து பார்ப்பார். நான் கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு வேண்டியது வேறு. எனக்கு ஒரு தம்பி வேண்டும். அன்பு, பாசம் என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். எனக்கு மேலே இரண்டு அக்காக்கள். பெரியக்கா சின்னக்காவை ஏவுவாள், சின்னக்கா என்னை ஏவுவாள். தண்ணி கொண்டா, சீப்பு எடுத்துட்டு வா, கடைக்குப் போ. நான் ஏவுவதற்கு வீட்டில் ஒரு கோழிகூடக் கிடையாது. இந்த அநியாயத்துக்கு ஒரே தீர்வு எனக்குக் கீழே ஒருத்தன் வருவதுதான் என்று முடிவு கட்டியிருந்தேன்.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரே கூட்டாளி அத்தை. அப்பாவின் அக்கா, செமோரில் இருந்தார். மாதத்துக்கு ஒரு தரம் கேக் பெட்டியும் கையுமாகப் பஸ் மாறி வருவார். எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் கேக்கையே வெட்டுவார். "மூணும் பொட்டப்புள்ளையாப் போச்சே. என் தம்பிக்குக் கொள்ளி போட ஒருத்தன் வேணாமா?" என்பார். அம்மா தேத்தண்ணி கலக்கப் போய்விடுவார். என்னைப் பெற்றபோது ஆஸ்பத்திரியில் அம்மா பிழைத்து வந்ததே பெரிய விஷயம். அதைப் பற்றி அத்தை பேச மாட்டார். அப்பாவும் வாயைத் திறக்க மாட்டார். வேண்டும் என்றும் சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை. அந்த மௌனம்தான் அம்மாவுக்குப் பெரிய பயம் என்பது எனக்கு எங்கே தெரியும்? அத்தை ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ கேட்டா மாரியாத்தா குடுப்பா. சின்னப் புள்ள வாக்கு பலிக்கும்" என்று சொல்லிக் கூடுதலாக ஒரு துண்டு கேக்கும் கொடுத்தார். அன்றிலிருந்து நான் தீவிரமாக இறங்கிவிட்டேன்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னால் வருஷா வருஷம் ஒரு கூத்து நடக்கும். பால்குடம் எடுக்கும் பெண்கள் அந்த நாளில் வீட்டுக்குத் தூரமாகிவிட்டால் கோயில் வாசலைக்கூட மிதிக்க முடியாது. இருந்த விரதம் மொத்தமும் வீண். அதனால் மாதவிலக்குத் தேதி நெருங்கியவர்கள் டவுன் கிளினிக்குக்குப் போய், அதைத் தள்ளிப்போட மிஸியிடம் மாத்திரை வாங்கி வருவார்கள். அது வேறு எந்த மாத்திரையும் இல்லை, பிள்ளை தங்காமல் இருக்கக் கொடுக்கிற அதே மாத்திரைதான். பிள்ளை வேண்டாம் என்று அதை வாங்கினால் லயமே கூடிப் பேசும். பால்குடத்துக்கு என்று வாங்கினால் மாமியாரே பஸ்ஸுக்குச் சில்லறை கொடுத்து அனுப்புவார். எங்கள் ஜனங்களின் நியாயமே நியாயம்!

அந்த வருஷம் அம்மாவும் பால்குடத்துக்கு நேர்ந்துகொண்டு கிளினிக்குக்குப் போனார். திருவிழா முடிந்தது. மற்றப் பெண்கள் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அம்மா நிறுத்தவில்லை. மிஸி தனியாக என்ன சொன்னாரோ, அடுத்த அட்டைக்கும் போய் வந்தார். அரிசி டின்னுக்குப் பின்னால், பழைய பால்மாவு டப்பாவுக்குள் அது ஒளிந்திருந்தது.

ஒளித்து வைத்த பொருளை ஒரு வீட்டில் முதலில் கண்டுபிடிப்பது யார்? கடைக்குட்டிதான். "இது என்னாம்மா?" என்று அட்டையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். அம்மா திடுக்கிட்டுப் போய், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "அது சாமி மாத்திரை. கோயிலுக்குன்னு சாப்பிடுறது. யார்கிட்டயும் சொல்லக் கூடாது, சொன்னா பலிக்காது" என்றார். பால்குடம் எடுப்பதற்கு முன்னால் எல்லா வீட்டுப் பெண்களும் அதை முழுங்கியதை நானே பார்த்திருந்தேன். சந்தேகப்பட என்ன இருக்கிறது? அதோடு விட்டேனா? "தம்பிக்கா?" என்று கேட்டேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஆமாலா, தம்பி விஷயம்தான்" என்றார்.

அம்மா சொன்னது பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த மாத்திரையில் ஒரு சிக்கல். தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும், மறந்தால் பிரயோஜனம் இல்லை என்று மிஸி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மறக்காமல் இருக்க அம்மா விளக்கு வைக்கிற நேரத்தைப் பிடித்துக்கொண்டார். அப்படியும் ஒருநாள் வேலை அசதியில் மறந்துவிட்டு, மறுநாள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாமி காரியத்தில் இப்படி அஜாக்கிரதையா என்று எனக்குக் கோபமாக வந்தது. "இனிமே நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

பார்த்துக்கொண்டேன் என்றால் சாதாரணமாக இல்லை. பொழுது சாய்ந்ததும் கை கால் கழுவி, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொள்வேன். ஒரு சின்னத் தட்டில் வெற்றிலை, அதன்மேல் மாத்திரை, பக்கத்தில் டம்ளரில் தண்ணீர். அம்மா விளக்கை ஏற்றிக் கும்பிட்டுத் திரும்பும்போது தட்டோடு நிற்பேன். "மாரியாத்தா, தம்பி குடு" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அம்மாவின் உள்ளங்கையில் மாத்திரையைப் போடுவேன். அட்டையின் கடைசி வரிசை மட்டும் காப்பி நிறத்தில் இருக்கும். அது வெறும் இரும்புச்சத்து என்று யாருக்குத் தெரியும்? கொஞ்சம் சக்தி கூடிய மாத்திரை என்று நானாகவே முடிவு செய்து, அம்மா விளக்கைத் தொடாத அந்த நாட்களில் நானே விளக்கேற்றி, சூடம் வேறு கொளுத்தினேன். அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முழுங்குவார். தோள் இரண்டும் குலுங்கும். பக்தியில் உடம்பு நடுங்குகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

மாதங்கள் போயின. தம்பி வரவில்லை. மாரியாத்தாளுக்கு வேலை அதிகம்போல என்று பொறுத்துக்கொண்டேன். பேக்டரியில் இருந்து மட்டும் அம்மாவுக்கு ஆளிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள்: வந்து சேரலாம். அம்மா அதை அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வராமல் இரண்டு மூன்று நாளாகச் சட்டி பானையைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அத்தை வந்தார். ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாயும் நேரம். அப்பா வெளியே குழாயடியில் மோட்டோ சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். அத்தை வழக்கமான பெருமூச்சை விட்டுவிட்டு அம்மாவின் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார். "இன்னும் ஒண்ணும் இல்லையா? ஒனக்கு அந்த நெனப்பே கெடையாது போல. ஒரு நேர்த்திக்கடன் உண்டா, ஒரு விரதம் உண்டா?" என்று அடுக்க ஆரம்பித்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு விளக்குத் திரியைத் திரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அம்மாவுக்கா பக்தி இல்லை? இத்தனை நாள் நான் பட்ட பாடெல்லாம் என்ன ஆவது? யாரிடமும் சொல்லக் கூடாது என்பதெல்லாம் மறந்து போயிற்று. ஒரே ஓட்டமாக ஓடி டப்பாவைத் திறந்து, அட்டையைத் தட்டில் வைத்து அத்தையின் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"அம்மா தினமும் சாமி மாத்திரை சாப்பிடுறாங்க, தெரியுமா! தம்பிக்காகத்தான்! நான்தான் எடுத்துக் குடுக்கறேன்!"

அம்மாவின் கையிலிருந்து திரி விழுந்தது. அத்தை அட்டையை எடுத்துப் புரட்டினார். செமோரிலும் கோயில் உண்டு, அங்கேயும் பெண்கள் பால்குடம் எடுக்கிறார்கள். அவருக்குத் தெரியாத அட்டையா? "திருவிழா முடிஞ்சு எத்தன மாசமாச்சு..." என்று மெதுவாக ஆரம்பித்தவர், சட்டென்று குரலை உயர்த்தினார். "தம்பி! இங்க வந்து பாருடா, ஒன் பொண்டாட்டி ஒனக்குத் தெரியாம என்னா பண்றான்னு!"

அப்பா ஈரக்கையோடு வந்து நிலைப்படியில் நின்றார். அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. பேக்டரி, பஸ், எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் அப்பாவின் வாயில்தான் இருந்தது. எனக்கோ பெருமை பிடிபடவில்லை. என் சேவை கடைசியில் அப்பாவின் காதுக்கும் எட்டப்போகிறதே!

அப்பா அத்தையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு என் நெற்றி விபூதியையும் கையிலிருந்த தட்டையும் பார்த்தார்.

"இது என்னா மாத்திரைம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"சாமி மாத்திரை."

"யாரு எடுத்துக் குடுக்கறது?"

"நான்தான். வெளக்கு வச்சதும். மறக்கவே மாட்டேன்."

அப்பா கைலியில் கையைத் துடைத்தார். அத்தையிடமிருந்து அட்டையை வாங்கினார். நேராகச் சாமி மேடைக்குப் போய், மாரியம்மன் படத்துக்கும் குங்குமச் சிமிழுக்கும் நடுவில் அதைச் சாய்த்து வைத்தார்.

"சாமி மாத்திரைய எதுக்கு அரிசி டின்னுக்குப் பின்னால ஒளிச்சு வைக்கணும்? இங்கயே இருக்கட்டும்" என்றார். "என்னைக்கு பேக்டரிக்கு வரச் சொல்லியிருக்காங்க? சொல்லு, பஸ் நிக்கிற எடத்துக்கு மோட்டோவுல கொண்டு விடறேன்."

டப்பா இருந்த இடமும் பேக்டரி சேதியும் இவருக்கு எப்படித் தெரியும் என்று அம்மா அப்பாவையே பார்த்தார். அத்தை, "டேய் தம்பி!" என்றார். அப்பா, "அக்கா, பஸ்ல வந்த களைப்பு, உக்காரு. மீகூன் இருக்கு, பசியாறிட்டுப் போலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி குழாயடிக்குப் போய்விட்டார். அத்தை எங்களுக்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, ரொம்பக் கோபமாக இரண்டு தட்டு அரிசிச் சேமியா மீகூன் சாப்பிட்டார். மூன்றாவது தட்டுக்குக் காரம் பத்தவில்லை என்று அம்மாவிடம் மிளகாய்ச் சம்பல் கேட்டார். சண்டை அதோடு முடிந்தது.

அம்மா விளக்கை ஏற்றினார். நான் தட்டோடு போய் நின்றேன். எல்லோர் முன்னாலும் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தவருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அதே நேரத்தில் சிரிக்கவும் செய்தார். என்னை இழுத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அம்மாவை அவ்வளவு சந்தோஷமாக நான் அதுவரை பார்த்ததில்லை. வேறு என்ன காரணம் இருக்க முடியும்? அப்பாவே கைப்பட எடுத்துச் சாமியிடம் வைத்துவிட்டார், இனிமேல் மாரியாத்தா தட்டவே முடியாது.

"அழாதம்மா, தம்பி சீக்கிரம் வந்துருவான்" என்று அம்மாவின் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

வெளியே அப்பா சிரிக்கும் சத்தம் கேட்டது. அம்மாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முதுகைக் காட்டிக்கொண்டிருந்த அத்தைக்குக்கூட மீகூன் புரையேறிவிட்டது. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நானும் சிரித்தேன். படுக்கும் நேரத்தில் சின்னக்காவைச் சுவரோரம் நெருக்கித் தள்ளிவிட்டு, பாயில் தம்பிக்கு இடம் விட்டுப் படுத்துக்கொண்டேன்.