ஹெட்மாஸ்டரின் நாற்பது படங்கள்

மன்னிப்பது பெருந்தன்மை என்பார்கள். எனக்கு அது கிடையாது. அந்த ஹெட்மாஸ்டரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஐம்பதுகளில் மாமல்லபுரத்துப் பள்ளியில் முதல் பாரத்துக்கு நான்தான் ஆங்கிலம். இன்றைய ஆறாம் வகுப்பு அது; பிள்ளைகள் ஏபிசிடி தொடங்குவதே அங்கேதான். நானே மனப்பாடம் செய்து தேறியவன். பிள்ளைகள் ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்து பயந்து பாடம் நடத்தினேன். ஆங்கிலத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று யாராவது எனக்குச் சொல்லிக்கொடுத்தால் தேவலை என்று ஏங்கினேன்.

ஒரு நாள் திருக்கழுக்குன்றத்து வாத்தியார் ஒருவர் பஸ்ஸில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், செங்கல்பட்டுல பத்து நாள் இங்கிலீஷ் ட்ரெயினிங். உங்க பேரத்தான் கூப்டாங்க. உங்க ஹெட்மாஸ்டர் எழுந்து, அவருக்கு இஷ்டமில்ல, நான் வந்துகீறேன்னாரு!"

என் பெயருக்கு வந்த உத்தரவை மறைத்துவிட்டு அவர் போயிருக்கிறார். வகுப்பில் காட்டுவதற்காக அங்கே கொடுத்த நாற்பது படங்களையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். போய்க் கேட்டேன்.

"உனக்கு இன்னாத்துக்குய்யா அது? கை பட்டா அழுக்காயிடும். இன்ஸ்பெக்டர் வந்தா காட்டணும்."

அன்றிலிருந்து கறுவிக்கொண்டிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே மாதிரிப் பாடத்துக்கு ஒத்திகை பார்ப்பது வழக்கம். என் வகுப்பை வைத்து அவரே ஒத்திகை நடத்தினார். படங்களை ஒருமுறை காட்டிவிட்டு மறுபடி பூட்டிவிட்டார். அதற்குப் பிறகு படமே இல்லாமல் மனப்பாடம்தான். முதல் பிள்ளை எழுந்து 'திஸ் இஸ் எ கௌ', அடுத்தது 'திஸ் இஸ் எ போட்'.

அந்த நாளும் வந்தது. படங்களைத் துடைத்து மேஜைமேல் வைக்கச் சொல்லி என்னிடமே சாவியைக் கொடுத்தார். துடைத்தேன். சீட்டுக்கட்டைப்போல் நன்றாகக் கலைத்தும் வைத்தேன்.

இன்ஸ்பெக்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஹெட்மாஸ்டர் அவர் முகத்தையே பார்த்தபடி முதல் படத்தைத் தூக்கிப் பிடித்தார். அதில் குடை. முதல் பிள்ளை கணீரென்று அதைப் பசுமாடு என்றது. அடுத்தது, யானையைப் படகு என்றது. ஆறு படம் வரைக்கும் ஹெட்மாஸ்டர் "குட், குட்" என்றார். இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து படத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்த முகம் போன போக்கைப் பார்த்து என் வயிறு குளிர்ந்தது. இன்று நினைத்தாலும் குளிர்கிறது.

இது யார் வகுப்பு என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். என்னுடையது, என்னைப் பயிற்சிக்கு அனுப்பவில்லை என்றேன். அடுத்த பயிற்சிக்கு இவரை அனுப்பவும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

அவர் ஜீப் கிளம்பியதும் ஹெட்மாஸ்டர் பிரம்பை எடுத்தார். ஒரு பிள்ளை பாக்கியில்லை. முதல் பெஞ்சில் இருந்த மீன்காரர் மகள் கையை உதறிக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"சார், நாங்க கரீட்டாதானே சொன்னோம்? அவரு சொல்லிக்குடுத்த மேரியேதான சார் சொன்னோம்?"

ஆமாம் என்று அவளிடம்கூட நான் சொல்லவில்லை. ஹெட்மாஸ்டர் காதில் விழுந்துவிடுமே என்று, "போய் உட்காரு" என்றேன்.