கணையத்துக்குள்ளே அக்கம்பக்கம்

சர்க்கரை நோயாளிகளுக்கு விளக்கம் சொல்லும் என் வேலையில், நோயாளியைவிட அவர் சொந்தக்காரர்களிடம்தான் அதிகம் பேச வேண்டியிருக்கும். தினமும் ஊசியும் போட்டுக்கொண்டு, ஊரார் சொல்லும் வைத்தியத்தையும் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு இது புதிதல்ல.

மாமனாரின் தீர்ப்பு

தல்லாகுளத்தில் இருக்கும் எங்கள் கிளினிக்குக்கு முத்துப்பாண்டி பேரையூரிலிருந்து வருவார். அங்கே விதைக்கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூட வயதிலேயே சுகர் வந்து, அன்றிலிருந்து இன்சுலின் போடுகிறவர். நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போனார். எப்போதும் வயிற்று உப்புசம். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கும். ஸ்கேனில் கணையம் சுருங்கியிருப்பது தெரிந்ததும், கூட வந்த மாமனார் இது குடியால்தான் என்று முடிவுகட்டிவிட்டார். மகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவதாகவும் சொன்னார். முத்துப்பாண்டி குனிந்த தலை நிமிரவில்லை. அவர் மனைவி செல்விதான் என்னிடம் வந்தாள்.

"சுகரு ஏறும்னு இவரு கலரு சோடாவக்கூடத் தொடமாட்டாருக்கா. எங்கப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க."

பக்கத்துச் செல்கள்

மலப் பரிசோதனையில் செரிமான என்சைம் மிகக் குறைவு என்று வந்தது. வேறு காரணம் இல்லை என்று டாக்டர் உறுதிசெய்த பிறகு, மாமனாரை உட்காரவைத்துப் பேசினேன். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் சிறு சிறு கூட்டமாக இருக்கும். அவற்றைச் சுற்றியிருக்கும் செல்கள்தான் சோற்றையும் கொழுப்பையும் கரைக்கும் என்சைமைச் சுரப்பவை. இன்சுலின் உடம்பெல்லாம் பரவுவதற்கு முன்னால், இந்தப் பக்கத்துச் செல்களுக்குத்தான் அதிக அளவில் கிடைக்கிறது. அவை வளர்வதற்கும் என்சைம் செய்வதற்கும் அது ஊக்கம். இன்சுலின் செல்கள் அழிந்தால் இவையும் நாளடைவில் சுருங்கிவிடலாம்.

தினமும்தான் ஊசி போடுகிறாரே என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஊசி மருந்து ரத்தம் முழுக்கக் கலந்த பிறகுதான் கணையத்துக்கு வரும், பழைய அளவு அங்கே கிடைக்காது என்றேன். பெரியவர் மருமகன் பக்கம் திரும்பினார்.

"தப்பாப் பேசிட்டேன் மாப்ள. மனசுல வச்சுக்கிறாதீக."

ஏறிய சுகர்

என்சைம் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கச் சொல்லியிருந்தோம். கொஞ்ச நாளில் செல்வி பதறிப்போய் போன் செய்தாள். சுகர் ஏறுகிறதாம், மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாள் சாப்பிட்டதில் பாதி உடம்பில் ஒட்டவேயில்லை, மாத்திரை வேலை செய்வதால் இப்போதுதான் சேர்கிறது, அதனால்தான் சுகர் ஏறுகிறது. மாத்திரையை நிறுத்தாமல் உடனே டாக்டரைப் பாருங்கள் என்றேன். மறுநாளே இருவரும் வந்தார்கள். இன்சுலின் அளவைக் கூட்டியதும் சுகர் அடங்கியது. கிளம்பும்போது செல்வி சொன்னாள்.

"சுகரு ஏறுனதக் கேட்டுச் சிரிச்ச மொத ஆளு நீங்கதான்க்கா."

திருநகர் கல்யாணம்

போன மாதம் முத்துப்பாண்டி மட்டும் வந்தார். பரிசோதனை எதுவும் இல்லை. திருநகரில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், ஊருக்குத் திரும்பும் முன் என்னைப் பார்க்கவென்றே எதிர்த்திசையில் பஸ் ஏறி வந்திருந்தார். கன்னம் நிறைந்திருந்தது. வெளியிடத்தில் சாப்பிட்டால் பாதியில் கழிப்பறை தேடி ஓட வேண்டுமே என்று, இத்தனை வருடமாக எந்த விசேஷ வீட்டிலும் கை நனைக்காமல் மொய் மட்டும் வைத்துவிட்டு வந்துவிடுவாராம். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமும்தான்.

"இன்னைக்குப் பந்தியில நெய்ச்சோறு சாப்புட்டேன்க்கா. எங்கயும் ஓடல. சொந்தக்காரவுகளோட உக்காந்து பேசிட்டு வாரேன்."

ஒருவருக்கு வயிறு ஒழுங்காக இருக்கிறது என்று கேட்டுக் கண் கலங்குகிற வேலை ஊரில் எத்தனை பேருக்கு வாய்க்கும், எனக்கு வாய்த்திருக்கிறது.