சில்வர் ஓக் மரத்தில் தொங்கிய போன்கள்

ஈரமான பிளாஸ்டிக் கவர்கள் காற்றில் படபடக்கும் சத்தம்... அதற்குள்ளிருந்து மெசேஜ் வந்து விழும் 'டிங்'... மூடுபனியில் மரம் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும்.

குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட். பெயர் வேண்டாம், அம்மா இன்னும் அங்கேதான் கொழுந்து பறிக்கிறாள். தொழிலாளர்களுக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகள் இருந்த பள்ளத்தில் ஒரு புள்ளி சிக்னல்கூடக் கிடையாது. மேட்டில், தேயிலைக்கு நடுவே நின்ற ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் மட்டும் இரண்டு புள்ளி வரும்.

அதனால் அந்த மரத்தில் வீட்டுக்கு ஓர் ஆணி. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் போனைக் கவரில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். அது பாட்டுக்கு மெசேஜ் வரும், அனுப்பியது போகும், வீடியோ இறங்கும். சாயங்காலம் எடுத்துக்கொள்வார்கள். பேக்கரி கவர், ஜவுளிக்கடை கவர்... கவரைப் பார்த்தே யாருடைய போன் என்று சொல்லிவிடுவோம். எங்களுடையது பால் கவர். ஒரு போனும் திருடு போனதில்லை.

ஒரு சட்டமும் இருந்தது. மழை வந்தால், மரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் எல்லாப் போனையும் இறக்கிக்கொண்டு லைனுக்கு வந்துவிட வேண்டும்.

ஒரு நாள் இப்போது நான் வேலை பார்க்கும் ஆபீஸில் இதைச் சொன்னபோது ஒருத்தி "சோ க்யூட்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏனென்றால் அந்த மரம் எங்களுக்குத் தேவைப்பட்டே இருக்காது. நான் ப்ளஸ் ஒன் படித்த லாக்டவுன் காலத்திலேயே இன்டர்நெட் கேபிள் வந்துவிட்டது. எங்கள் கூரைக்கு மேலேயே கறுப்பாகத் தொங்கிக்கொண்டு மேனேஜர் பங்களாவுக்குப் போனது. மாதக் கட்டணம் அம்மாவின் இரண்டு நாள் கூலிக்குள் அடங்கும், கட்டவும் தயாராக இருந்தோம். ஆனால் இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் வீட்டு ஓனரின் கடிதம் வேண்டும் என்றார்கள். ஓனர், எஸ்டேட் கம்பெனி.

அம்மா அரை நாள் லீவு போட்டு என்னையும் கூட்டிக்கொண்டு எஸ்டேட் ஆபீஸில் போய் நின்றாள்.

"ஏனுங்க, புள்ளைக்கு ஆன்லைன் கிளாஸுங்க. ஒரு லெட்டர் மட்டும் குடுத்தீங்கன்னா..."

கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கம்பெனி ஊடும்மா அது. செவுத்துல ஓட்டை போடறதுக்கெல்லாம் லெட்டர் தர முடியாது. உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு லைனே வந்து நிக்கும்."

லைனே வந்து நின்றால் என்ன குடிமுழுகிப் போகும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ப்ளஸ் டூவில் நல்ல மார்க். கவுன்சலிங்கில் கோயம்புத்தூரில் ஒரு காலேஜில் இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. இரண்டு நாளுக்குள் ஆன்லைனில் சம்மதம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் சீட் போய்விடும்.

அந்த இரண்டு நாளும் அடைமழை. ரோட்டில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. குன்னூர் பிரவுசிங் சென்டருக்குப் போக வழியில்லை.

கடைசி நாள் மதியம் மழை கொஞ்சம் விட்டது. போனை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடினேன். கவுன்சலிங் பக்கம் திறக்கவே ஒரு மணி நேரம். சம்மதம் என்ற பட்டனை அழுத்தினேன். வட்டம் சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி தூறல். கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா அங்கிருந்தே கத்தினாள்.

"மாட்டி உட்டுட்டு ஊட்டுக்குப் போ கண்ணு, அது பாட்டுக்குப் போயிரும்!"

எங்களுக்கு எல்லாமே அப்படித்தான் போயிருக்கிறது. நான் அனுப்பிய ஹோம்வொர்க் எல்லாம் அந்த ஆணியில் தொங்கித்தான் டீச்சருக்குப் போனது. அதனால் நானும் நம்பினேன். பால் கவரில் போட்டு மாட்டிவிட்டு இறங்கிவிட்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

கொஞ்ச நேரத்தில் மழை கொட்டியது. வேலையை நிறுத்திவிட்டு அம்மா வந்து சேர்ந்தாள். அவள் பின்னாலேயே பக்கத்து வீட்டு செல்வி அக்கா. தன் ரெயின்கோட்டைக் கழற்றி, அதற்குள் ஏழெட்டுப் போன்களைச் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தொப்பலாக நனைந்து வந்திருந்தார்.

"நல்லவேளை, நான் அந்தப் பக்கம் இருந்தேன். உங்க போனுல ஒரு சொட்டுத் தண்ணி படல, பாரு புள்ள."

வாங்கிப் பார்த்தேன். வட்டம் நின்றிருந்தது. பள்ளத்துக்கு இறங்கியதில் சிக்னல் அறுந்து 'இணைப்பு இல்லை' என்று வந்திருந்தது. மழையிலேயே திரும்ப மேட்டுக்கு ஓடினேன். பக்கம் மறுபடி திறந்தபோது நேரம் முடிந்திருந்தது.

நான் வீடு திரும்பும்போது அம்மா செல்வி அக்காவுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். சீட் போனதை அக்காவிடம் மறைத்துவிட்டேன். தான் நனைந்து என் போனைக் காப்பாற்றியவரிடம் என்ன சொல்வது?

கவுன்சலிங் ஆபீஸுக்கு மனு போட்டோம், பதில்கூட வரவில்லை. தபால் வழியில் ஏதோ ஒரு டிகிரி முடித்தேன். இப்போது குன்னூரில் ஓர் இன்டர்நெட் கம்பெனியில் வேலை. புது கனெக்‌ஷன் கேட்டு வருகிறவர்களின் விவரங்களை கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

போன வாரம் செல்வி அக்கா கனெக்‌ஷன் கேட்டு வந்தார். மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாளாம், கவுன்சலிங் வருகிறதாம். ஃபாரத்தில் இரண்டே கட்டங்கள்... சொந்த வீடு, வாடகை வீடு. லைன் வீடு இரண்டிலும் சேராது. பதில் தெரிந்தே கேட்டேன்.

"எஸ்டேட் ஆபீஸ்ல லெட்டர் குடுத்தாங்களாக்கா?"

"அதே பேச்சுதான். கம்பெனி ஊடாமா."

உள்ளே போய் எங்கள் ஆபீஸரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "ரூல் உனக்குத் தெரியாதா?" என்றார். எனக்கா தெரியாது...

திரும்பி வந்த என் முகத்தைப் பார்த்ததுமே அக்கா எழுந்துவிட்டார்.

"அப்ப மரந்தானா புள்ள?"

"ஆமாங்க்கா... மழை வந்தா பாப்பா போனை மட்டும் எறக்காம..."

"தெரியும் புள்ள. ரெண்டு மாசங்கழிச்சு உங்கம்மா எல்லாத்தையுஞ் சொல்லிருச்சு. அதுக்கப்புறம் நான் யாரு போனையும் எறக்கறதில்ல. நனைஞ்சா நனையட்டும்னு உட்டர்றது. இப்ப லைன்ல எல்லாரும் அப்படித்தான்."

பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அப்போது எங்கள் கூரைக்கு மேல் ஒரு கேபிள் போனது. இப்போது மூன்று போகின்றன. மரத்தில் ஆணிகளும் கூடியிருக்கின்றன என்று அம்மா சொல்கிறாள். மழை வந்தால் இறக்கிக்கொண்டு வருவதற்கு மட்டும் இப்போது யாரும் இல்லை.