அறுத்துப் பார்த்த இரும்பு

"உன் மாமன் புத்திசாலியா, முட்டாளா?" என்று அப்பா கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, உலகமே தெரிந்துவிட்ட மாதிரி நான் திரிந்த காலம் அது. 

மாமா வெல்டர். பாய்லர் செய்யும் பட்டறையில் அவருக்கு 'ஒருநிமிஷம்' என்று பட்டப்பெயர். பற்றவைக்கும் ராடைக் கையில் எடுத்ததும், முகமூடியை இறக்குவதற்கு முன் கண்ணை மூடி நிற்பார். யாராவது விரட்டினால் "ஒரு நிமிஷம்" என்பார்.

"என்னய்யா, மேல இருக்கறவர்கிட்ட கரண்ட் கடன் கேக்கறியா?" என்பார்கள்.

"நான் செய்யறத நீ பாத்துக்கோன்னு சொல்றேன். அவ்வளவுதான்."

அதே பட்டறையில் அப்பா மேஸ்திரி. தங்கை புருஷனாயிற்றே என்று முதலாளியிடம் பேசி மாமாவை வேலைக்குச் சேர்த்ததும் அவர்தான்.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்துக்காக ஒரு பாய்லர் தயாரானது. தண்ணீரை ஏற்றி அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. பெயிண்ட் அடித்தாயிற்று. லாரியும் வாசலுக்கு வந்துவிட்டது. மாமா தன் இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, பெஞ்சுக்கு அடியில் ஒரு ராடு டப்பா மூடி திறந்து கிடப்பதைப் பார்த்தார்.

மழைக்காலம். ராடு ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சாமான். அதற்கென்று இருக்கும் அடுப்பில் காயவைத்துத்தான் எடுக்க வேண்டும். ஈர ராடால் பற்றவைத்தால் இரும்புக்குள்ளே வெளியில் தெரியாத பொத்தல்கள் விழும். இன்றைக்குத் தாங்கும். என்றைக்காவது ஒருநாள் வெடிக்கும். அடிப்பக்க மூலையை முடிக்கும்போது ராடை அடுப்பிலிருந்து எடுத்தோமா, இந்த டப்பாவிலிருந்து எடுத்தோமா? மண்டையைப் பிய்த்துக்கொண்டும் நினைவு வரவில்லை. 

நேராக அப்பாவிடம் போனார்.

"மச்சான், அடியில ஒரு சாண் இடத்த அறுத்துட்டுத் திரும்பப் பத்தவைக்கணும்."

"டெஸ்ட் பாஸாயிடுச்சு மாப்ள. லாரிக்காரன் ஹாரன் அடிச்சே காதைக் கிழிக்கறான்."

"ஈர ராடா இருக்குமோன்னு சந்தேகம்."

"சந்தேகமா? இல்ல, தெரியுமா?"

"தெரியாது. அதான் பயம்."

முதலாளி வந்தார். இன்று போகாவிட்டால் ஆர்டர் கைமாறிவிடும் என்று கத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அடிப்பக்கம்யா. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

 அளவெடுக்கப் போனபோது மாமா அந்தக் கூடத்தைப் பார்த்திருந்தார். பாய்லர் வைக்கும் இடத்துக்கு முதுகைக் காட்டித்தான் பெண்கள் நின்று துணி பிரிப்பார்கள். கண்ணை மூடினார். எல்லோரும் கேலி செய்த அதே ஒரு நிமிஷம். பிறகு, யாரும் தடுப்பதற்குள், கிரைண்டரை எடுத்து அறுத்துவிட்டார்.

உள்ளே இரும்பு பால்பல் மாதிரி சுத்தமாக இருந்தது. அறுத்த இடம் முழுக்கத் தேடியும் ஒரு பொத்தல் இல்லை.

கிரைண்டர் ஓய்ந்த பிறகு யாரோ சிரித்தார்கள். "சாமி உனக்கு நல்லா வேடிக்கை காட்டிட்டாரு, ஒருநிமிஷம்!"

ஆர்டர் போயிற்று. மாமாவின் வேலையும் போயிற்று. "உன் ஆளுதானே" என்று அப்பாவையும் முதலாளி வெளியே தள்ளினார். அன்றிலிருந்து அப்பா தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அத்தை அழவில்லை. "சாமிக்குப் பயந்தீங்க, சரி. இனிமே நம்ம வீட்டு அடுப்பப் பாத்தும் பயப்படணும்" என்றாள். அடுத்த வாரமே நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். அவள் விரல் இடுக்கெல்லாம் புண்ணானது. மாமா போன பட்டறைக்கெல்லாம் 'நல்லத அறுத்துப் போட்ட கிறுக்கன்' என்ற பேர் அவருக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது. கடைசியில் தெருவோரத்தில் இரும்பு கேட்டும் ஜன்னல் கம்பியும் பற்றவைத்தார். அதற்கும் கண்ணை மூடி நிற்பார். "கேட்டுக்கு எதுக்குய்யா பூஜை?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனவர்கள் உண்டு.

புகை நெஞ்சில் இறங்கி அவர் படுத்த படுக்கையானதும் அப்பாவுக்குத் தாங்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஒற்றை அறை. மருந்து நெடி. ஆணியில் அந்தக் கறுத்த முகமூடி தொங்கியது.

அப்பா உட்காரவே இல்லை. "மாப்ள, ஒருநாளாவது வருத்தப்பட்டியா?"

"தினமும்தான். அவ கையைப் பாக்கறப்பெல்லாம்."

"அப்புறம் ஏன்யா? உள்ள நல்லாத்தானே இருந்துச்சு!"

மாமா இருமி முடிக்கும்வரை நாங்கள் காத்திருந்தோம்.

"அறுத்தப்புறம்தானே மச்சான் அது தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி உள்ள இருந்தத பாத்தவரு மேல இருக்கற ஒருத்தருதான். அவரு பாத்தத நானும் பாத்த மாதிரி எப்படித் தலையாட்டி அனுப்புவேன்? உங்க சோத்துலயும் மண்ணப் போட்டுட்டேன். அதுக்கு மட்டும் என்னை மன்னிச்சிடுங்க."

அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வீடு திரும்பும் வழியில்தான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் பதிலைத் தேடிக்கொண்டிருந்தபோதே மாமா இறந்துபோனார். அத்தை இன்னும் பாத்திரம் தேய்க்கிறாள். எதுவும் சரியாகவில்லை.

இப்போது கேட்டால் சொல்வேன்: தனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாம் தெரிந்த ஒருவருக்கு முன்னால் தினமும் கண்ணை மூடி நின்றதால் வந்த புத்தி அது. அது அவருக்குச் சோறு போடவில்லை.

இதைப் படித்தவர்கள் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். ஆனால், கேட்பவர் மனசு ஆறட்டும் என்று, உள்ளே பொத்தல் இருந்ததாக மட்டும் மாற்றிவிடாதீர்கள். இரும்பு நன்றாகத்தான் இருந்தது.