படக்கூடத்தில் நெல்

மில்காரர் மகள் என்றுதான் எங்கள் பக்கத்தில் அவரைச் சொல்வார்கள். திருவாரூருக்கு வெளியே, சுற்றுப்பட்டு ஊர்களின் நெல்லையெல்லாம் ஒரு காலத்தில் அரைத்துத் தள்ளிய ஆலை அவருடைய அப்பாவினுடையது. இவர் ஒரே பிள்ளை. அப்பா போன பிறகு ஆலை, நிலம், தஞ்சாவூர் வீடு, சென்னை வீடு எல்லாம் இவருக்கு வந்தன. ஆலையை இடித்து மனை போட்டு விற்றுவிடுவார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவரோ கூரையைச் செப்பனிட்டு, கரி படிந்த சுவர்களுக்கு வெள்ளையடித்து, நெல் அவித்த பெரிய கூடத்தை ஓவியக் கண்காட்சிக்கான இடமாக்கினார். இங்கே வரைகிறவர்கள் தங்கள் படத்தைக் காட்டச் சென்னைக்கு ரயிலேற வேண்டாம் என்பது அவர் எண்ணம்.

நான் அப்போது கும்பகோணத்தில் ஓவியம் படித்து முடித்து, மன்னார்குடியில் ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்தேன். என் அம்மாவும் அப்பாவும் கூலிக்கு நடவு நட்டவர்கள். பிற்பாடு கொஞ்சம் நிலம் வாங்கிச் சொந்தமாகப் பயிர் வைத்தார்கள். நான் வரைவதை யாரோ சொல்லக் கேட்டு அவரே ஒரு நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கட்டிலில் சாய்த்து வைத்திருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் நடவுப் பெண்களின் படங்கள். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“எல்லாரும் முதுகைக் காட்டிக்கிட்டே இருக்காங்களே?” என்று கேட்டார்.

“வரப்புல நிக்கிறவங்களுக்கு அப்படித்தாங்க தெரியும்” என்றேன்.

ஒரு படத்தைக் கையில் எடுத்துத் திரும்பவும் பார்த்தார். பிறகு, “நான் வரப்புல நின்னவதான்” என்றார்.

அடுத்த மாதமே ஆலையில் எனக்கு ஓர் அறை ஒதுக்கிக் கொடுத்தார். வேலையை விட்டுவிட்டு வரைவதற்கு உதவித்தொகையும் தந்தார். அவரோடு பழகுவது சுலபமில்லை. விடிவதற்குள் போன் செய்து படத்துக்குச் சட்டம் எந்த மரத்தில் போடுவது என்று வாதாடுவார். ஆனால் படத்துக்குள் மட்டும் ஒரு நாளும் கை வைத்ததில்லை. இந்த வண்ணத்தை மாற்று என்று சொன்னதில்லை.

என் முதல் கண்காட்சிக்கு முந்தின நாள் மழை பிடித்துக்கொண்டது. தை முடிந்து மாசியில், சம்பா அறுவடை நடக்கும் நேரத்தில் யாரும் எதிர்பாராத மழை. ஆலைக்குப் பக்கத்திலேயே நெல் கொள்முதல் நிலையம். விற்பதற்காகக் கொண்டுவந்த நெல்லெல்லாம் திறந்த வெளியில் குவிந்து கிடந்தது. தார்ப்பாய் போதவில்லை. மூட்டைகளைத் தாழ்வாரத்தில் அடுக்கிக்கொள்ளலாமா என்று சில விவசாயிகள் கேட்டு வந்தார்கள். அவர் வெளியே போய்ப் பார்த்துவிட்டு, நனைந்த புடவையோடு என்னிடம் வந்தார்.

“தாழ்வாரம் பத்தாது. கூடத்தைத் தொறந்து விடலாம்னு பாக்கறேன். ஆனா இப்ப கூடம் உங்களுது. நீங்க சொல்லுங்க.”

அழைப்பிதழ் எல்லாருக்கும் போய்விட்டது. சென்னையிலிருந்து வந்தவர்கள் தஞ்சாவூரில் தங்கியிருந்தார்கள். ஆனால் நனைந்த நெல் முளைவிட்டால் ஒரு வீடு என்ன பாடுபடும் என்று தெரிந்தே வளர்ந்தவள் நான். “கொண்டுவரச் சொல்லுங்க மேடம்” என்றேன். என் கண் கலங்கியதை அவர் பார்த்தார். ஏணியைக் கொண்டுவரச் சொல்லி, அவரே ஏறி நின்று, ஒவ்வொரு படத்தையும் மூட்டைக்கு மேலே தெரியும்படி உயர்த்தி மாட்டினார். நான் கீழேயிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் விருந்தினர்கள் வந்தபோது சுவரோரம் மூட்டைகள், நடுவில் மின்விசிறிகளுக்குக் கீழே பரப்பிய ஈர நெல், நடக்க ஒற்றையடி வழி. நெல்லும் கண்காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்ட ஒருவர், பிரமாதமான கற்பனை என்று பாராட்டி, நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த பெண்களைப் போட்டோ எடுக்கப் போனார்.

“அது அவங்க நெல்லு, காய வச்சிருக்காங்க” என்றார் மில்காரர் மகள். “படம் செவுத்துல இருக்கு. அதைப் பாருங்க.”

போட்டோ எடுக்கப் போனவர் செல்போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தப் பெண்களோ வேலைக்கு நடுவே படங்களை அண்ணாந்து பார்த்து, இது யார், அது யார் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மழை விட்டு, நெல் காய்ந்து மூட்டைகள் வெளியேறும்வரை ஊரிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அத்தனை பேர் என் படங்களைப் பார்ப்பார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

ஆலைக்குப் பின்னால் தனக்கு வீடு கட்ட ஓர் இடம் வைத்திருந்தார் அவர். அந்தக் கோடையில் அங்கே கூரை போட்ட களமும் நெல் உலர்த்தும் இயந்திரமும் வந்தன. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். கல்வெட்டு எதுவும் கிடையாது. வீட்டைப் பற்றி அவர் பிறகு பேசியதே இல்லை.

இப்போது ஆலை, அவரே எழுதிக் கொடுத்து, ஓர் அறக்கட்டளையிடம் இருக்கிறது. ஓவியர்களும் விவசாயிகளும் அதில் உறுப்பினர்கள். அவரும் ஒருவர், அவ்வளவுதான். போன பொங்கலுக்கு முன்பு வெளிச்சுவருக்கு நீலம் அடிக்கலாம் என்றார். நாங்கள் பெரும்பாலோர் வெள்ளைக்குக் கை தூக்கினோம். அவர் முகம் சுருங்கிப் போனது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காரில் ஏறிப் போய்விட்டார். மறுநாள் காலை நான் போனபோது எனக்கு முன்பே வந்திருந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு, சாரத்தின் மேல் நின்றவர்களிடம், மூலையில் வெள்ளை சரியாகப் படியவில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.