நேசனின் ஸ்கோப்பும் என் கோபமும்

போன சனிக்கிழமை கோல்டிங் நகரில் ஒரு கடைக்குள் நின்று சத்தம் போட்டுவிட்டேன்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. தலை பாதி நரை. பேக்கரி வரிசையில் யாராவது இடையில் புகுந்தால்கூட வாய் திறக்காத ஆள். அப்படிப்பட்டவன் ஒரு வேட்டைச் சாமான் கடையில், ரப்பர் பூட்ஸுக்கும் பச்சை ஜாக்கெட்டுகளுக்கும் நடுவில் நின்று, என் மகன் வயதுப் பையன் ஒருவனைப் பார்த்து டேனிஷில் கத்தினேன். கோபத்தில் இலக்கணம் வேறு பிழைத்துப்போனது. கடையில் இருந்த மற்றவர்கள் நாகரிகமானவர்கள். திடீரென்று எல்லோருக்கும் சப்பாத்துகளின் விலைச்சீட்டை வாசிக்க வேண்டிய அவசரம் வந்துவிட்டது.

எதற்காகக் கத்தினேன்? ஒரு ஸ்கோப்புக்காக. துப்பாக்கியின் மேல் பூட்டுகிற, தூரத்தில் நிற்பதைக் கிட்டத்தில் காட்டுகிற குழாய் இருக்கிறதே... அதற்காக.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் வருடத்தில் சில நாள் மான் வேட்டைக்குப் போகிறவன். பக்கத்து நகரமான வைலேயில் நான் வேலை செய்யும் சாமான் கிட்டங்கியில் பாதிப் பேர் வேட்டைக்காரர்கள். அவர்களோடு சேர்ந்து படித்து, பரீட்சை எழுதி, லைசென்ஸ் எடுத்துப் பத்து வருடமாகிறது. அதைப் பற்றி எழுதினால் உங்களில் சிலர் திட்டிக் கடிதம் போடுவீர்கள். போடுங்கள். இந்த முறை திட்டு எனக்குத் தேவைதான்.

நேசனைச் சொல்கிறேன். முப்பத்தெட்டு வயது. கிளிநொச்சிப் பக்கம். கோல்டிங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறான். தனி ஆள். என்னைப் பார்த்துத்தான் அவனுக்கும் வேட்டை ஆசை வந்தது. போன குளிர்காலம் முழுவதும் வகுப்புக்குப் போனான். லைசென்ஸ் பரீட்சையில் பாஸ். ரைபிளுக்குத் தனியாக வைக்கிற பரீட்சையிலும் பாஸ். நூறு மீட்டரில் நிற்கும் காகித மானின் நெஞ்சில் குண்டுகளை ஒழுங்காகப் போட்டான்.

அதற்குப் பிறகு என்னிடம் கேட்டான், எந்த ஸ்கோப் வாங்குவது என்று. நான் சொன்னது இவ்வளவுதான்: சின்னதாக, நல்ல கண்ணாடி போட்டதாக ஒன்று வாங்கு. நாலு மடங்கு, ஆறு மடங்கு பெரிதாகக் காட்டினால் போதும். மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்கிச் சுடுதிடலுக்குப் போய்ப் பழகு.

ஓம் ஓம் என்று தலையாட்டினான். நேராகக் கடைக்குப் போனான்.

கடைப் பையன் என்ன செய்தானாம் தெரியுமா? ஒரு பெரிய ஸ்கோப்பை எடுத்து நேசனின் கையில் கொடுத்து, வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். அங்கிருந்து தேவாலயக் கோபுரத்து மணிக்கூட்டைப் பார்க்கச் சொல்லியிருக்கிறான். நிமிட முள் நகர்வதுகூடத் தெரிந்ததாம். பதினெட்டு மடங்கு. நடுவில் சிவப்புப் புள்ளி எரியும். தூரத்துக்கு ஏற்றபடி திருப்ப இரண்டு குமிழ். விலை? அவனுடைய ரைபிளை விட அதிகம். வாங்கிவிட்டான்.

மணிக்கூட்டு முள்ளையா சுடப்போகிறோம்?

அந்த வயிற்றெரிச்சலை அவனிடம் காட்டாமல் இருக்கவில்லை. போகிற வருகிற நேரமெல்லாம் அதைப் பற்றியே பேசினேன். பதினெட்டு மடங்கு எதற்கு, பாரம் எவ்வளவு, குமிழை யார் திருப்பச் சொன்னது... ஏப்ரல் முழுவதும் எங்களுக்குள் இதே கதை.

மே மாத நடுவில் ஆண் மான் வேட்டைக் காலம் தொடங்கும். இந்த வருடம் அது ஒரு சனிக்கிழமை. அந்தக் கிழமை எங்கள் வீடுகள் எப்படி இருந்தன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வன்னியில் போர் கடைசி மண்துண்டுக்கு வந்திருந்தது. டிவி அணைக்கப்படவில்லை. போனைக் கையிலிருந்து கீழே வைத்தவர்கள் இல்லை. நேசனின் அக்கா குடும்பம் அதற்குள்ளே இருந்தது. ஏப்ரல் தொடக்கத்துக்குப் பிறகு தகவலே இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை நான் சாமான்களை எடுத்து வைப்பதைப் பார்த்து என் மனைவி கேட்டாள்: "இந்த நேரத்திலயோ?"

நேசன் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதை விட அவனுக்குக் கொஞ்சம் வெளிக்காற்றுப் படட்டும் என்றேன். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தோடு எவ்வளவு முட்டாள்தனம் செய்யலாம் என்பதை அடுத்த நாள் பார்த்தேன்.

வைலேக்கு வெளியே ஒரு நண்பரின் நிலம். காட்டோரத்தில் ஒரு பரண். முன்னால் புல்வெளி, இடப்பக்கம் மார்பளவுக்கு மஞ்சளாய்ப் பூத்த ராப்ஸ் என்ற எண்ணெய்க்கடுகு வயல். விடிகிற நேரம் இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தோம். இந்த முறை சுடுவது நேசன். நான் பக்கத்தில் சும்மா.

சூரியன் வந்து கொஞ்ச நேரத்தில், புல்வெளியின் அந்தக் கரையில், வேலியோரமாக ஒரு ஆண் மான் வெளியே வந்தது. அழகான மிருகம். ஆனால் தூரம்... இருநூறு மீட்டருக்கும் மேல். விடு, கிட்ட வரும், என்று காதுக்குள் சொன்னேன்.

"கிட்டத்தான் நிக்குது, அண்ணை," என்றான். அவனுடைய விரல் ஸ்கோப்பில் மடங்கைக் கூட்டும் வளையத்தைக் கடைசி வரைக்கும் திருப்புவதைப் பார்த்தேன். பதினெட்டு.

அவ்வளவு பெருப்பித்துப் பார்த்தால் மான் மட்டுமா பெரிதாகும்? கை நடுக்கமும் பெரிதாகும். நெஞ்சு அடிப்பதுகூடக் குறிபார்க்கும் குறுக்குக்கோட்டில் தெரியும். நான் கையை நீட்டித் தடுப்பதற்குள் சுட்டுவிட்டான்.

மான் விழவில்லை. தலையை ஒரு உதறு உதறியது. பிறகு காட்டுக்குள் பாய்ந்து மறைந்தது.

காயப்பட்ட மிருகத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக இந்த நாட்டில் முடியாது. மோப்ப நாய் வைத்திருப்பவரைக் கூப்பிட வேண்டும். அவர் வரும்வரை தடத்தை மிதித்துக் குழப்பக்கூடாது. நான் போனை எடுத்தேன். நேசன் என் கையைப் பிடித்தான். பட்டிருக்காது, விடுங்கோ, என்றான். வெள்ளைக்காரர் முன்னால் வெட்கம் அவனுக்கு. எனக்குக் காது சூடாகிவிட்டது. இறங்கிப் புல்லில் இரு, வாயைத் திறக்காதே, என்றேன். அவனோடு அப்படி நான் பேசியது அதுதான் முதல் தடவை.

நான் கூப்பிட்ட உல்லா என்ற அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியை. நீண்ட காதுடைய சிவப்பு நாய் ஒன்று. தோளில் குட்டையான ஒரு பழைய துப்பாக்கி. மழை இருட்டிக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் தடம் கழுவிப்போகும் என்று அவசரப்பட்டார். மான் எங்கே நின்றது என்று நேசனைக் கேட்டார்.

நேசன் கையை நீட்டி, பரீட்சையில் சுட்ட அதே நூறு மீட்டர் தூரத்தில் ஒரு புல் மேட்டைக் காட்டினான்.

உல்லா என்னைப் பார்த்தார்.

நான் பேசவில்லை. நாலு விநாடி? ஐந்து? பச்சை உடுப்பில் இரண்டு தமிழர். ஒருவனை மற்றவன் காட்டிக்கொடுப்பதா என்று ஒரு அசட்டு யோசனை. அந்த நேரத்தில் ஒரு மான் எங்கேயோ இரத்தம் சிந்திக்கொண்டு நிற்கிறது... எனக்கு மானம் முக்கியமாக இருக்கிறது.

பிறகு சொன்னேன். அங்கே இல்லை, அந்த வேலியோரம் என்று. நேசன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலியோரத்தில் நாய் மூக்கைப் புதைத்த இடத்தில் உல்லா குனிந்து எதையோ எடுத்தார். உள்ளங்கையில் வைத்து நேசனிடம் நீட்டினார். ஒரு பல். வேரோடு.

தாடையில் பட்டிருக்கிறது. அப்படிப் பட்ட மான் உடனே சாகாது. ஓடும். தின்ன முடியாது. நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். பட்டிருக்காது, விடுங்கோ என்று ஒருவன் சொன்னான் அல்லவா? விட்டிருந்தால் அதுதான் நடந்திருக்கும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் நாயின் பின்னால் போனோம். காடு, வாய்க்கால், பிறகு ராப்ஸ் வயல். உடுப்பெல்லாம் மஞ்சள் தூள். வயலின் நடுவில் ஒரு பள்ளத்தில் நாய் குரைத்தது. உல்லா நேசனை இந்தப் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு அந்தப் பக்கமாகப் போனார். மான் பள்ளத்திலிருந்து ஏறி, நேசனுக்கு முன்னால், பத்தடி தூரத்தில் வந்து நின்றது. தாடை தொங்கிக்கொண்டிருந்தது.

நேசன் துப்பாக்கியைத் தூக்கினான். சுடவில்லை. இன்னும் சுடவில்லை.

அவனுக்கு மான் தெரியவில்லை. வளையம் இன்னும் பதினெட்டிலேயே நின்றது. பதினெட்டு மடங்கில் பத்தடி தூரத்து மிருகத்தைப் பார்த்தால் என்ன தெரியும்? கலங்கிய மண்ணிறம். மயிர். வேறொன்றும் இல்லை. அந்த விலை உயர்ந்த கண்ணாடிக்குள் அவன் மானைத் தேடிக்கொண்டிருந்தபோது, உல்லா பக்கவாட்டுக்குச் சுற்றி வந்து ஒரே வெடியில் முடித்தார்.

அவர் திட்டவில்லை. நாய்க்குத் தண்ணீர் கொடுத்தார். நேசனின் ஸ்கோப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தன் துப்பாக்கியில் இருக்கும் ஸ்கோப்பை முதல் நாய் வளர்த்த காலத்தில் வாங்கியதாகவும், இது நாலாவது நாய் என்றும் மட்டும் சொன்னார். எங்களிடம் காசு எதுவும் வாங்காமல் போய்விட்டார்.

திங்கட்கிழமை போர் முடிந்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள்.

நான் நேசனுக்குப் போன் எடுக்கவில்லை. ஒருக்கா எடுங்கோவன் என்று மனைவி இரண்டு மூன்று தடவை சொன்னாள். அவன் எடுக்கட்டும் என்றேன். அவன் பொய் சொன்னான், தப்பு அவனுடையது, அவன்தான் வர வேண்டும்... கோபத்துக்கு நியாயம் சொல்ல ஆள் தேவையா? எழுதுகிறவனுக்கு அது இன்னும் சுலபம்.

மூன்றாவது கிழமை அவனே வந்தான். கையில் ஸ்கோப், வாங்கிய பெட்டியோடு. இதைக் கொடுத்துவிட்டுச் சின்னதாக ஒன்று மாற்றலாம், கூட வாருங்கள் என்றான். போனோம்.

கடைப் பையன் பணிவாகத்தான் பேசினான். ஸ்கோப்பில் ஒரு பிழையும் இல்லை, பாவித்த சாமானைத் திருப்பி எடுப்பதில்லை என்றான். அத்தோடு விட்டிருக்கலாம். இதை வைத்து முந்நூறு மீட்டரில் தாராளமாகச் சுடலாம், பழக்கம் வேண்டும், அவ்வளவுதான் என்றான். அதற்குப் பிறகுதான் நான் கத்தியது. விற்கும்போது இவனிடம் ஒரு கேள்வி கேட்டாயா? எவ்வளவு தூரத்தில் சுட்டுப் பழகியிருக்கிறாய் என்று கேட்டாயா? முன்னால் நிற்கிற மனுசனைப் பார்க்காமல் மணிக்கூட்டைக் காட்டினாயே என்று... நேசன்தான் என் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்தான்.

காரில் ஏறியும் நான் அடங்கவில்லை. வைலே போகும் பாதையில் ஏறிய பிறகு நேசன் மெதுவாகச் சொன்னான்:

"அவன் கேக்கேல்லை எண்டு கத்தினீங்கள். நீங்களும் கேக்கேல்லைத்தானே, அண்ணை."

நான் எதைக் கேட்கவில்லை என்றேன்.

"அண்டைக்குப் பரணில இருக்கேக்க நான் நித்திரை கொள்ளாமல் நாலு நாள். அக்கான்ர நம்பருக்கு அடிச்சு அடிச்சுப் பாத்துக்கொண்டு இருந்தனான். கை நடுங்கினது எனக்குத் தெரியும். வர ஏலாது எண்டு சொல்ல வாய் வரேல்லை, நீங்கள் ஆசையாக் கூப்பிட்டனீங்கள். ஒரு மாசமா என்னோட என்ன கதைச்சனீங்கள்? ஆறு மடங்கோ, பதினெட்டு மடங்கோ. அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கேக்கேல்லை."

காரை ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினேன். ஓட்ட முடியவில்லை.

அப்போதுதான் கேட்டேன். மூன்று கிழமை பிந்தி. அக்காவும் இரண்டு பெண் பிள்ளைகளும் வவுனியா முகாமில் இருக்கிறார்களாம். முன்பின் தெரியாத ஒருவர் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அத்தானைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதைச் சொல்லும்போது நேசன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனுடைய கையைப் பிடித்தேன். வேறு என்ன செய்வது?

அந்த ஸ்கோப்பை அவனுடைய தொழிற்சாலையில் ஒருவர் வாங்கிக்கொண்டார். சுடுதிடலில் படுத்துக்கிடந்து முந்நூறு மீட்டர் காகிதத்தைச் சுடுகிறவர். அவருக்கு அது பெறுமதிதான். மான் வேட்டைக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்டால் பழைய பதில்தான்: விடிகிற வெளிச்சத்தில் நல்ல கண்ணாடிக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது, மடங்குக்குக் கொடுப்பதுதான் வீண். நேசன் சின்னதாக ஒன்று வாங்கிவிட்டான். இந்த வருடம் பூட்டப் போவதில்லை என்கிறான்.

கடைப் பையனிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மனைவி சொல்கிறாள். போவேன். ஆனால் அவன் மேல் இருக்கிற கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. நாலு நாள் நித்திரை இல்லாதவனுக்கு எந்த ஸ்கோப்பும் உதவாது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அதைத் தெரிந்திருக்க வேண்டிய ஆள் பரணில், நேசனின் தோளோடு தோள் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.