ஐயா சொல்லி நான் எழுதாதவை

எங்களைப் பெற்ற ஐயா இல்லாமல் ஒரு வருடம் முடிகிறது. ஆட்டைத்திவசத்துக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்க ஒரு சிறிய நினைவு மலர் இருக்க வேண்டும் என்று மாமா சொன்னார். எழுதப் படித்தவள் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான். ஆகவே எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. தேவாரமும் பிற பாடல்களும் முன்பக்கங்களில் உள்ளன. இந்தப் பக்கங்களில் ஐயாவின் வாழ்க்கையையும், அவருக்கு நான் செய்த ஒரு பிழையையும் எழுதுகிறேன். இந்த ஒரு வருடத்தில் எனக்கு அழுகை வரவில்லை. செத்தவீட்டிலும் வரவில்லை. அதைக் கவனித்தவர்கள் இருக்கிறீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஐயா மயிலிட்டியில் வள்ளம் கட்டும் ஓடாவிக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மாதம் போனாராம். பிறகு தகப்பனாரோடு மரம் செதுக்கும் வாச்சியைத் தூக்கிவிட்டார். பத்திரங்களில் பெருவிரல்தான் வைப்பார். ஆனால் ஒரு பலகையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, எந்த இடத்தில் எவ்வளவு சீவ வேண்டும் என்று சொல்லிவிடுவார். அவர் கட்டிய வள்ளம் ஒருபக்கம் சாய்ந்து ஓடியதாக ஒருவரும் சொன்னதில்லை.

1983ஆம் ஆண்டு ஐயா செப்புத்தகடு வாங்க யாழ்ப்பாணம் போனார். முஸ்லிம்கள் வாழும் சோனகதெருவில் தகரவேலை செய்யும் ஒருவரின் கடையில், சுவரிலே மரத்தால் செய்த ஒரு சிறிய மீன் தொங்கியது. கொடுவா மீனை ஏமாற்றிப் பிடிக்கிற பொய்மீன். தூண்டில் முள்ளோடு தங்கூசி நூலில் கட்டி எறிந்து இழுத்தால், உயிருள்ள மீன் நீந்துவது போல நெளிந்து வரும். அதைக் கட்டை என்று சொல்வார்கள். ஐயா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"உது நேரா ஓடாது."

"ஓடாட்டி நடக்கும். நீர் ஆர் சொல்ல?"

"வள்ளம் கட்டுறனான்."

"அப்ப ஒண்டு கட்டிக்கொண்டு வாரும் பாப்பம்."

அந்தக் கடைக்காரரைத்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் நானா என்று அழைத்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் வல்லைக் கடலேரிப் பாலத்தடியில் சந்தித்தார்கள். ஐயா வேலியில் நின்ற முள்முருக்கங் கதியாலை வெட்டி ஒரு கட்டை செதுக்கிக் கொண்டுபோயிருந்தார். அது மிக இலேசான மரம். நானா அதை வாங்கி எறிந்தார். ஐயா நானாவின் கட்டையை எறிந்தார். இரண்டு பேருக்கும் கொடுவா பிடிபட்டது. அன்றிலிருந்து இரண்டு பேரும் தாம் செய்ததைத் தாம் எறியவில்லை. ஐயா செதுக்குவது நானாவுக்கு. நானா செதுக்குவது ஐயாவுக்கு.

அம்மாவுக்கு இது விளங்கவே இல்லை. "தாங்கள் சமைச்சதைத் தாங்கள் தின்னாத விசருகள்" என்பார்.

நானா அதற்குக் காரணம் சொன்னார். "தங்கச்சி, என்ரை கட்டையை நான் போட்டு மீன் எடுக்கேல்லையெண்டா நான் மீனை ஏசுவன். ஓடாவின்ரை கட்டையெண்டா ஓடாவியை ஏசலாம். அதுதான் சுகம்."

அவர்களுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. இந்தக் கட்டுரையே அதைப் பற்றியதுதான். ஒருவருக்கு ஒரு கட்டை பறிபோனால், அது எங்கே, எப்படிப் போனது என்று முழுக்கதையையும் மற்றவருக்குச் சொல்ல வேண்டும். எதையும் மறைக்கக் கூடாது. கதையைக் கேட்ட பிறகுதான் மற்றவர் அடுத்த கட்டையைச் செதுக்குவார். கதையில் தெரிந்த பிழையைத் திருத்திச் செதுக்குவார். கதை இல்லாமல் கட்டை இல்லை.

நான் சிறுமியாக ஐயாவின் சைக்கிளில் ஏறிப் போய் அதைக் கேட்டிருக்கிறேன்.

"என்ன ஓடாவி, முகம் தொங்குது. கட்டை போயிட்டுதோ?"

"போட்டுது நானா."

"எங்கை?"

"பாலத்து மூண்டாவது கண்ணுக்கை."

"பெரிசோ?"

"உடம்பு காட்டேல்லை. வாய்தான் திறந்தது."

"பொய் சொல்லாதை. கல்லிலை கொழுவியிருப்பாய்."

"கல்லு வாய் திறக்குமே நானா?"

இப்படி அரைமணித்தியாலம் போகும். நானா கேள்விமேல் கேள்வி கேட்பார். தண்ணீர் என்ன நிறம், காற்று எந்தப் பக்கம், இழுத்த வேகம் என்ன என்று எல்லாவற்றையும் கேட்பார். அடுத்த கிழமை புதிய கட்டை வரும். வயிற்றில் பாரத்துக்கு வைத்த ஈயம் கொஞ்சம் இடம் மாறியிருக்கும்.

கடலில் தொழில் குறைந்தபோது ஐயாவுக்கு வள்ளம் கட்டும் வேலையும் குறைந்தது. அந்த நாட்களில் வல்லையில் பிடித்த கொடுவாதான் பல தடவைகள் எங்கள் கறி. ஐயா என்னைப் படிப்பிலிருந்து ஒரு நாளும் மறிக்கவில்லை. நான் பரீட்சைகளில் சித்தியடைந்து பல்கலைக்கழகம் போனபோது, எங்கள் குடும்பத்தில் அது முதல் தடவை. ஐயா பின்னேரங்களில் என்னைப் பத்திரிகை வாசிக்கச் சொல்லி அயலவர்களையும் கூப்பிட்டு இருத்துவார். நான் வாசிக்கும்போது அவர் பத்திரிகையைப் பார்க்கமாட்டார். கேட்பவர்களின் முகங்களைப் பார்ப்பார். என் தமிழைப் பற்றி எனக்கு அப்போது மிகுந்த பெருமை இருந்தது.

1990 ஆனியில் சண்டை மூண்டு மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டோம். நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டத்தின் கொட்டில் எங்களுக்குக் கிடைத்தது. ஐயா தன் ஆயுதப்பெட்டியையும் நானா செய்த ஆறு கட்டைகளையும் கொண்டுவந்திருந்தார். நீர்வேலியிலிருந்து வல்லை கிட்ட என்று சந்தோசப்பட்டார். அந்த வருடம் ஐப்பசியில், நகரத்திலிருந்த முஸ்லிம்கள் எல்லோரும் உடனே போக வேண்டும் என்று சொல்லப்பட்டது. நானா குடும்பமும் போனது. ஐயாவுக்கு அது மறுநாள் சந்தையில்தான் தெரியவந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு சோனகதெருவுக்குப் போனார். பின்னேரம் திரும்பிவந்து, "கடை பூட்டிக் கிடக்கு" என்று மட்டும் சொன்னார். அன்று அவர் சாப்பிட்டார், படுத்தார். அடுத்த ஞாயிறு வழமைபோல வல்லைக்குப் போனார்.

நானா புத்தளத்தில் ஒரு அகதி முகாமில் இருப்பதாக அடுத்த வருடம் தகவல் கிடைத்தது. கிளாலிக் கடல்வழியால் போகிறவர்களிடம் கடிதம் கொடுத்துவிட்டால் எப்படியோ போய்ச் சேரும். ஐயா சொல்ல நான் எழுதினேன். 1991, 1992, 1993 என்று மூன்று வருடத்தில் மூன்று கடிதங்கள்.

ஐயா சொன்னது முழுக்கக் கட்டைகள் போன கதை. முதல் கடிதத்துக்கு இரண்டு, அடுத்ததற்கு மூன்று, கடைசிக்கு ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு, கையால் இழுத்துக் காட்டிக்கொண்டு சொல்வார். நான் அதை எழுதவில்லை. நானா எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார் என்று எனக்குத் தெரியும். ஆகவே கடிதத்தை முகாமில் வேறு யாரோ உரத்து வாசிப்பார்கள். பல பேர் கேட்பார்கள். வீடுவாசல் இழந்தவர்களுக்கு, மரத்துண்டு போனதைப் பற்றி ஒருவர் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார் என்று சிரிப்பார்கள் என்று நினைத்தேன். என் ஐயாவைப் பார்த்து அவர்கள் சிரிக்கக் கூடாது. எழுதியவள் படித்தவள் என்றும் தெரிய வேண்டும். ஆகவே, தங்கள் குடும்பத்தினர் யாவரும் நலமே வாழ இறைவனை இறைஞ்சுகிறோம் என்று எழுதினேன். காலம் மாறும், மீண்டும் சந்திப்போம் என்று எழுதினேன். நல்ல வசனங்கள். ஒரு பிழையும் இல்லை.

மூன்றாவது கடிதத்தின்போது ஐயா நடுவில் கண்ணைத் திறந்தார்.

"பேனை நிக்குது."

"யோசிக்கிறன் ஐயா."

"நான் சொல்லுறதை எழுத என்ன யோசனை?"

"வடிவா எழுதத்தான்."

"எல்லாம் போட்டனியே?"

"ஓம் ஐயா."

அதற்குப் பிறகு ஐயாவிடம் நானாவின் கட்டை ஒன்றும் இல்லை. கதை வந்தால் அனுப்பலாம் என்று நானாவுக்காக முன்கூட்டியே அவர் செதுக்கியவை மட்டும் ஒரு பால்மாத் தகரம் நிறைய இருந்தன. "அப்ப உதிலை ஒண்டைப் போடுங்கோவன்" என்று அம்மா சொன்னார். "உது நானான்ரை" என்றார் ஐயா. அந்த மாரி முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் வல்லைக்குப் போய் வெறுங்கையோடு இருந்துவிட்டு வந்தார். மற்றவர்கள் மீன் பிடிப்பதைப் பார்த்தார் என்று அங்கு போனவர்கள் சொன்னார்கள். யாராவது நீர்வேலிப் பக்கம் கடிதம் கொண்டுவந்தால் முதலில் எழும்பி வாசலுக்குப் போவது அவர்தான்.

1994 தொடக்கத்தில் ஐயாவுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. மருந்து தட்டுப்பாடான காலம். கிடைத்ததைக் கொடுத்தோம். ஒன்பது நாள் கிடந்தார். ஏழாம் நாள் அறிவு தெளிவாக இருந்தது. நான் பக்கத்தில் இருந்தேன்.

"நானாட்டையிருந்து ஒண்டும் வரேல்லை என்ன?"

"இல்லை ஐயா."

"கதை எல்லாம் சொல்லித்தானே எழுதினனாங்கள்?"

"ஓம் ஐயா."

கையை வேலிப் பக்கம் நீட்டினார்.

"அங்கை முருக்கு மரம் இல்லைப் போலை" என்றார். "இல்லாட்டி அவன் செய்யாமல் விடான். பாவம், வேறை மரம் கனம்."

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். இரண்டு நாட்களின் பின் விடிய முன்னர் ஐயா போய்விட்டார்.

அந்தியேட்டிக் கிரியை முடிந்து ஐந்தாம் நாள் நானாவின் கடிதம் வந்தது. ஐயா இறந்தது அவருக்குத் தெரியாது. பேரப்பிள்ளை ஒன்றைக் கொண்டு எழுதுவித்திருந்தார். கொப்பித்தாளில் நான்கு பக்கம். நலம் விசாரிப்பு ஒரு வரி. மிச்சம் முழுவதும் புத்தளம் களப்பில் ஐயாவின் கட்டை ஒன்று போன கதை. தண்ணீரின் நிறமும், காற்றின் பக்கமும், நிழல் விழுந்த இடமும்கூட இருந்தன. கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது:

"ஓடாவி, உன்ரை மூண்டு கடிதமும் கிடைச்சுது. மகள் நல்லா எழுதுறா. முகாமிலை எல்லாரும் பாராட்டினவை. ஒரு கடிதத்திலும் கட்டை போனதாக் கதை இல்லை. அப்ப நான் செய்தது ஆறும் இன்னும் வல்லையிலை ஓடுது. மூண்டு வரியமா ஒண்டும் போகேல்லை. அப்பிடி ஒரு கட்டை நான் செய்திருக்கிறன் எண்டு இங்கை எல்லாருக்கும் சொல்லுறனான். இங்கை வேலியெல்லாம் முருக்குத்தான். ஆனா நீ கேக்காமல் நான் எப்பிடிச் செய்யிறது?"

கடிதத்தை மடித்து வைத்தேன். அம்மா, "என்னவாம்?" என்று கேட்டார். "சுகமாம்" என்றேன். இன்றுவரை நான் நானாவுக்குப் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் நல்ல வசனங்கள்தான் வந்தன. இந்த மலரை யாராவது வாசிக்கக் கேட்கும்போதுதான் அம்மாவுக்கும் இது தெரியவரும்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். ஊரைவிட்டு வந்த எங்களுக்கு ஒரு கேள்வியும் கேட்காமல் கொட்டிலைத் தந்து, ஐயாவின் செத்தவீட்டுக்குத் தம் முற்றத்தையும் தந்த தோட்டச் சொந்தக்காரருக்கும் அவருடைய குடும்பத்துக்கும் எங்கள் நன்றி. காய்ச்சல் கூடிய நாளில் ஐயாவைச் சைக்கிளில் இருத்தி, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வைத்தியரிடம் நடந்துபோன அயலவர்களை மறக்கமாட்டோம். மருந்து தேடி அலைந்தவர்கள் பலர். மயிலிட்டியிலிருந்து சிதறி, பண்டத்தரிப்பிலும் மற்ற இடங்களிலும் இருந்துகொண்டு, செய்தி கேட்டு நடந்தே வந்த உறவினர்கள் எல்லோருக்கும் கைகூப்புகிறோம். கடதாசி கிடைக்காத காலத்தில் கோடு போட்ட கொப்பித்தாளிலாவது இந்த மலரை அச்சிட்டுத் தந்த அச்சகத்தாருக்கும் நன்றி.

ஒரு உதவியும் கேட்கிறேன். இப்போது பாதை கொஞ்சம் இலேசாக இருக்கிறது. இன்று வந்திருப்பவர்களில் ஒருவர் அடுத்த கிழமை கொழும்புக்குப் போகிறார். புத்தளத்துக்கும் போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவரிடம் இந்த மலரையும், தகரத்திலிருந்து ஒரு கட்டையையும் கொடுத்துவிடுகிறேன். நானா ஒரு கதை சொல்லியிருக்கிறார். ஒரு கட்டை அவருக்குச் சேர வேண்டும். மற்றவை இங்கே இருக்கும். அங்கே இதை யார் வாசித்தாலும், இதற்கு மேலே இருப்பதை விட்டுவிட்டாலும் பரவாயில்லை. கீழே இருப்பதை நானாவுக்கு உரத்து, ஆறுதலாக வாசியுங்கள். முதல் ஐந்து கதைகளும் எனக்குப் பாதிதான் நினைவிருக்கின்றன. இது முழுவதும் நினைவிருக்கிறது. மூன்றாவது கடிதத்துக்கு ஐயா சொன்னது. ஒரு சொல்லும் மாற்றவில்லை.

"நானா, ஆறாவதும் போட்டுது. வல்லையிலை, பாலத்துக்குக் கிழக்காலை, தண்ணி இழுக்கிற இடம் உனக்குத் தெரியும். மழை விட்டு மூண்டாம் நாள். தண்ணி தேத்தண்ணி நிறம். காத்து வாடை. நீ பச்சை முதுகு அடிச்ச கட்டைதான். மூண்டு தரம் எறிஞ்சன், ஒண்டுமில்லை. நாலாந்தரம் கரைக்குக் கிட்ட வரேக்கை பின்னாலை ஒரு வெள்ளை திரும்பிச்சுது. நான் இழுக்கிறதை நிப்பாட்டிப்போட்டன். நிப்பாட்டாதை எண்டு நீ எத்தினை தரம் சொல்லியிருக்கிறாய், நிப்பாட்டிப்போட்டன். கட்டை மெல்லத் தலையைத் தூக்கி மிதந்தது. அப்பதான் மீன் எடுத்தது. தங்கூசி விரலை வெட்டிச்சுது. அது நேரை பாலத்துத் தூணைச் சுத்திப் போச்சு. நான் நெஞ்சளவு தண்ணியிலை இறங்கினன். கையாலை தடவிக்கொண்டு போக, அறுந்துபோச்சு. பிழை உன்ரை கட்டையிலை இல்லை, என்ரை கையிலை. எண்டாலும் அடுத்தது செய்யேக்கை ஈயத்தை ஒரு பயறளவு முன்னுக்குத் தள்ளி வை. நான் நிப்பாட்டினாலும் அது தலை தூக்காமல் நிக்கட்டும். இப்ப என்னட்டை ஒண்டும் இல்லை நானா. பிள்ளை, அதை வடிவா எழுது. ஒண்டும் இல்லை எண்டு எழுது."